உப்பு வந்த தூரம்

புதன்கிழமை, மூன்றரை மணி.
தேவகோட்டையில் வெயில் இன்னும் இறங்கவில்லை.
கூடத்து வாசலில் ஒட்டிய தாளில்
'ஆசிரியர் ஆய்வுப் பகிர்வு' என்பது சின்ன எழுத்து,
'தேநீரும் வெள்ளைப் பணியாரமும் உண்டு' என்பது பெரிய எழுத்து.
கூட்டம் ஏன் சேர்ந்தது என்று
தனியாக ஆய்வு செய்ய வேண்டியதில்லை.

முதலில் வணிகவியல் அடைக்கம்மை.
சந்தையில் காய் விற்கும் முப்பது பேர்,
ஓராண்டு, ஒரே கேள்வி:
அலைபேசியில் காசு வாங்கத் தொடங்கியபின்
கடன் சொல்கிறவர்கள் குறைந்தார்களா?
குறையவில்லை.
அட்டவணையில் ஏறாத ஒரு வரியை
கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.
"காசு வர்றப்ப டிங்னு கேக்குதுங்க,
போறப்ப ஒண்ணும் கேக்கலயே."

விலங்கியல் ஜம்ருத் பேகம்
ஊருணியில் பதினாறு வகைத் தட்டான்கள் என்றார்.
பதினேழாவதை ஒரு மாலை பார்த்தாராம்,
கேமராவில் சார்ஜ் இல்லை.
படம் இல்லாததால் அது கணக்கிலும் இல்லை.
"கட்டுரையில் காட்ட முடியாது, இங்கே காட்டலாம்தானே?"
பென்சிலால் வரைந்திருந்தார்.
இறக்கையின் ஒரு நரம்பை மட்டும்
மூன்றுமுறை அழித்து எழுதியது தெரிந்தது.

இயற்பியல் சூசைமாணிக்கம்
வெறுங்கையோடு வந்தார்.
"எல்லாரும் ஒரே ஒருமுறை தட்டுங்க,
அப்புறம் அசையக் கூடாது."
தட்டினோம்.
சத்தம் சுவர் ஏறி, மின்விசிறி தாண்டி,
பின்வரிசைக் காலி நாற்காலிகளில் போய் விழுந்தது.
"ஒண்ணே முக்கால் வினாடி.
ராத்திரி ஆள் இல்லாதப்ப இரண்டரை.
மிச்சத்தை உங்க துணியும் உடம்பும் குடிச்சிருச்சு."
அதன்பிறகு கொஞ்ச நேரம்
யாருமே இருமவில்லை.

கடைசியாக நான். வேதியியல்.
பதினொரு மாத ஆசிரியன்.
மே மாதம் எனக்குச் சம்பளம் கிடையாது,
துருவுக்கு விடுமுறை கிடையாது.
தொண்டிக் கடலின் உப்பு
காற்றில் எவ்வளவு தூரம் நடந்து வரும்?
சாலை நெடுக இருபத்தொரு இரும்புத் துண்டு,
பாலத்தில், பள்ளிச் சன்னலில், டீக்கடைத் தூணில்.
மாதம் ஒருமுறை பேருந்தில் போய்
மடியில் தராசை வைத்துக்கொண்டு வருவேன்.
இரண்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.
மூன்று வரைபடம் காட்டினேன்.
முன்வரிசை பணியாரத்தை நினைக்கத் தொடங்கியது.

அப்போதுதான் திருவாடானையைச் சொன்னேன்.
டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும்
ஓடிவந்து துண்டை நீட்டினார்.
"ரொம்ப அழுக்கா இருந்துச்சு சார்,
புளி போட்டுத் தேச்சு வச்சிருக்கேன்."
நான்கு மாதத் துரு.
கண்ணாடி மாதிரி மின்னியது.
நன்றி சொல்லி, டீ குடித்து,
காசு கொடுக்கப் போனால் வாங்க மறுத்துவிட்டார்.

கூடம் சிரித்தது.
ஆறு ஆண்டில் என் ஆய்வுக்கு
யாரும் சிரித்ததில்லை, எதுவுமே செய்ததில்லை.
இரண்டாமாண்டுப் பெண் ஒருத்தி எழுந்தாள்:
"அது இப்ப எங்க சார் இருக்கு?"
சட்டைப் பையில்தான் இருந்தது.
ஏன் கொண்டுவந்தேன் என்று தெரியாது.
கொடுத்தேன்.

வரிசை வரிசையாகப் போனது.
ஒருவன் முகம் பார்த்தான், ஒருத்தி எடை பார்த்தாள்,
சூசைமாணிக்கம் விரலால் சுண்டிக் காதில் வைத்தார்.
பணியாரம் வந்துவிட்டதால்
கடைசி வரிசையிலிருந்து திரும்பி வர நேரமானது.

வெள்ளிக்கிழமை ஆய்வகத்தில் அதை எடுத்தேன்.
நடுவில் பழுப்பாய்ப் பூத்திருந்தது,
ஒரு கட்டைவிரல் அளவு,
ரேகை எண்ணலாம்.
நாற்பது கிலோமீட்டர் கடந்து வந்த உப்பு அல்ல இது.
எந்த வரைபடத்திலும் வைக்க முடியாது.
இருந்தும் நிறுத்தேன், குறித்தேன்,
எதிரே இருந்த காரணம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.

யாரோ ஒருவர்
மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம்
கையில் வைத்திருந்திருக்கிறார்.